வீட்டுக்குள் வராமலே போடப்படும் விலை

டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு வீடு கைமாறும்போது அது என்ன விலைக்குப் போனது என்பதை அரசிடம் தெரிவிக்க வேண்டும் என்ற சட்டம் கிடையாது. கவுண்டி (மாநிலத்தின் உட்பிரிவு, நம் ஊர் மாவட்டம் போன்றது) அலுவலகத்தில் பதிவாகியிருக்கும் கிரயப் பத்திரத்தை எடுத்துப் படித்தால், பத்து டாலரும் மதிப்புள்ள இதர பிரதிபலனும் பெற்றுக்கொண்டு வீட்டை எழுதிக் கொடுத்ததாக ஒரு வரி இருக்கும். ஆறு லட்சம் டாலர் வீட்டுக்கும் அதே பத்து டாலர்தான், அறுபது லட்சம் டாலர் மாளிகைக்கும் அதே பத்து டாலர்தான். உண்மையான விலை விற்றவருக்கும் வாங்கியவருக்கும் கடன் கொடுத்த வங்கிக்கும் ரியல்டர்கள் எனப்படும் வீட்டு விற்பனை முகவர்களுக்கும் தெரியும். ரியல்டர்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் எம்.எல்.எஸ். பட்டியலில் அது ஏறும். நாமெல்லாம் இணையத்தில் பார்க்கும் வீட்டு விலைத் தளங்களில் விற்பனைத் தேதி இருக்கும், விற்ற விலை இருக்காது.

நான் டாலஸுக்கு வடக்கே பிளேனோ நகரில் பல ஆண்டுகளாக வசிக்கிறேன். இங்கே தமிழர் வீடுகளில் பிறந்தநாள் விருந்தென்றாலும் கொலு என்றாலும், சிறிது நேரத்தில் பேச்சு வீட்டு விலைக்கு வந்துவிடும். கைப்பேசியில் ஒரு வீட்டு விலைத் தளத்தைத் திறந்து முகவரியைத் தட்டி, அது தானே கணக்கிட்டுக் காட்டும் மதிப்பை, "எங்கள் வீடு இப்போது ஏழு லட்சம்" என்று காட்டுவார்கள். அந்த எண்ணை நம்பிப் புது வீட்டுக்கு ஒப்பந்தம் போடுகிறார்கள், பிள்ளைகளின் கல்லூரிச் செலவுக்குக் கணக்குப் போடுகிறார்கள், ஊரில் அப்பா அம்மாவுக்கு வீடு கட்டத் திட்டமிடுகிறார்கள். அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று கேட்பவர்கள் குறைவு. 2022-இல் எங்கள் பழைய வீட்டை விற்றபோது அதைத் தேடிப் படிக்கவும், பக்கத்தில் இருந்து பார்க்கவும் வாய்ப்புக் கிடைத்தது. இதே நிலையில் இருப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

அந்த ஆண்டு எப்படிப்பட்டது என்பது இங்கே வீடு விற்றவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். ஆண்டுத் தொடக்கத்தில் முப்பதாண்டு வீட்டுக் கடன் வட்டி 3 சதவீதத்தை ஒட்டி இருந்தது. வசந்த காலத்தில், கேட்ட விலைக்கு மேலே கொடுத்து வாங்க வரிசையில் நின்றார்கள். அக்டோபர் முடிவில் வட்டி 7 சதவீதத்தைத் தொட்டது. நாங்கள் விற்கத் தீர்மானித்தது இரண்டுக்கும் நடுவில், கோடை முடியும் நேரத்தில். அப்போது மூன்று தளங்களில் எங்கள் வீட்டைப் பார்த்தேன். ஒன்று 6 லட்சத்து 90 ஆயிரம் என்றது. மற்றொன்று 6 லட்சத்து 55 ஆயிரம். மூன்றாவது 6 லட்சத்து 20 ஆயிரம். ஒரே வீடு, ஒரே நாள், 70 ஆயிரம் டாலர் இடைவெளி.

மூன்றும் கணக்கில் தவறியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஒவ்வொன்றும் தனக்குத் தெரிந்ததை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறது. எத்தனை சதுர அடி, எத்தனை படுக்கையறை, எந்த ஆண்டு கட்டியது, கவுண்டியின் வரி மதிப்பு என்ன, பக்கத்து வீடுகளுக்கு என்ன விலை கேட்கிறார்கள் என்பதெல்லாம் அவற்றுக்குத் தெரியும். ஆனால் பக்கத்து வீடுகள் என்ன விலைக்கு முடிந்தன என்பதற்கு அரசுப் பதிவேடு இங்கே கை கொடுப்பதில்லை. கேட்ட விலைக்கும் முடிந்த விலைக்கும் இடையே உள்ள தூரம் வேகமாக மாறிக்கொண்டிருந்த ஆண்டில் இது சிறிய குறையல்ல.

இதைவிடப் பெரிய குறை மண்ணில் இருக்கிறது. வட டெக்சாஸின் நிலம் கரிய களிமண். மழையில் உப்பும், வறட்சியில் சுருங்கி வெடிக்கும். அதன்மேல் கான்கிரீட் பலகையையே அடித்தளமாகப் போட்டு வீடு கட்டுகிறார்கள். மண் அசையும்போது பலகையும் அசைகிறது. கதவு சட்டத்தில் இடிக்கும், ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடும், வெளியே செங்கல் வரிசை படிக்கட்டுப் போலப் பிளக்கும். அதனால்தான் கோடையில் வீட்டைச் சுற்றிச் சொட்டுநீர்க் குழாய் போட்டு மண்ணை ஈரமாக வைத்திருக்கிறோம். அப்படியும் ஒரு பக்கம் தாழ்ந்துவிட்டால், அடித்தளத்தின் கீழே தூண்கள் இறக்கித் தூக்கி நிறுத்த வேண்டும். எத்தனை தூண் என்பதைப் பொறுத்துச் செலவு பல ஆயிரம் டாலருக்குப் போகும்.

எங்கள் வீட்டின் தெற்குப் பக்கத்தில் எங்களுக்கு முந்தைய உரிமையாளர் தூண்கள் இறக்கியிருந்தார். வேலை நன்றாகச் செய்யப்பட்டிருந்தது. அடுத்த உரிமையாளருக்கு மாற்றக்கூடிய உத்தரவாதக் கடிதமும் கையில் இருந்தது. எங்கள் தெருவிலேயே அதே வரைபடத்தில் கட்டிய இன்னொரு வீட்டின் வரவேற்பறையில் விரிசல் கண்ணுக்குத் தெரியும். டெக்சாஸில் வீடு விற்பவர் தமக்குத் தெரிந்த குறைகளை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஆகவே வாங்க வருகிறவர்கள் முதலில் புரட்டுவது அந்தப் படிவத்தைத்தான். ஆனால் திரையில் இரண்டு வீடுகளுக்கும் ஏறக்குறைய ஒரே விலை. வாங்குகிறவர் முதலில் கேட்கும் கேள்விக்கே பதில் தெரியாத ஒன்று வாங்குகிறவர் தரப்போகும் விலையை எப்படிச் சொல்லும்?

கூரையும் அப்படித்தான். இந்தப் பக்கம் ஆலங்கட்டி மழை வசந்தத்தில் வராத ஆண்டு அரிது. போன ஆண்டு மாற்றிய கூரைக்கும் பதினைந்து ஆண்டுப் பழைய கூரைக்கும் காப்பீட்டிலேயே வேறுபாடு வரும்.

அடுத்தது திசை. ஃபிரிஸ்கோவிலும் பிளேனோவிலும் வீடு தேடும் இந்தியக் குடும்பங்களில் பலர் கிழக்கு வாசலைத்தான் முதலில் கேட்பார்கள், இல்லாவிட்டால் வடக்கு. தெற்கு வாசல் என்று தெரிந்ததும் காரை விட்டே இறங்காமல் திரும்பியவர்களை எனக்குத் தெரியும். அதே சமயம், கிழக்கு வாசல் வீட்டின் பின்கட்டு மேற்கே பார்க்கும். ஜூலை மாதத்தில் மாலை ஆறு மணிக்கு அங்கே நிற்க முடியாது. பின்கட்டில் அடுப்பு வைத்து உட்கார்ந்து சாப்பிட விரும்பும் அமெரிக்கக் குடும்பம் மேற்கு வாசல் வீட்டைத்தான் விரும்பும், ஏனென்றால் அதன் பின்கட்டில் மாலை நிழல் விழும். ஆகவே ஒரே வீட்டுக்கு இருவேறு குடும்பங்களிடம் இருவேறு விலை. அந்த மாதம் அந்தப் பகுதியில் யார் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்பது விலையைத் தீர்மானிக்கிறது. எங்கள் வீடு கிழக்கு வாசல். அதைப் பார்க்க வந்தவர்களில் பெரும்பாலோர் தெலுங்கு, தமிழ்க் குடும்பங்கள்.

எங்கள் ரியல்டர் திருச்சியைச் சேர்ந்த பெண். மடிக்கணினியைச் சமையலறை மேசையில் வைத்து எம்.எல்.எஸ். பட்டியலைத் திறந்தார். அரை மைல் சுற்றளவில், கடந்த சில மாதங்களில் முடிந்த வீடுகளை வரிசையாகக் காட்டினார். "அக்கா, மே மாத விலையை மறந்துவிடுங்கள். ஆகஸ்டில் எவை முடிந்தன என்று மட்டும் பாருங்கள்" என்றார். அதோடு நிற்கவில்லை. ஒவ்வொரு விற்பனையிலும் விற்றவர் எவ்வளவு விட்டுக்கொடுத்தார் என்ற பத்தியைக் காட்டினார். வட்டி ஏறிய அந்தக் காலத்தில், வாங்குபவரின் வட்டியைக் குறைப்பதற்காக விற்பவரே வங்கிக்குப் பத்தாயிரம், பதினைந்தாயிரம் டாலர் கட்டுவது பரவியிருந்தது. காகிதத்தில் விலை 6 லட்சத்து 40 ஆயிரம் என்று இருக்கும், விற்றவர் கைக்கு வந்தது 6 லட்சத்து 25 ஆயிரமாக இருக்கும். விற்ற விலை வெளிப்படையாகத் தெரியும் மாநிலங்களில்கூட இந்த விட்டுக்கொடுத்தல் பதிவேட்டில் அப்படியே தெரிந்துவிடாது. ஆகவே ரியல்டரிடம் விற்ற விலையை மட்டும் கேட்காதீர்கள், விட்டுக்கொடுத்த தொகையையும் சேர்த்துக் கேளுங்கள். அந்தச் சமையலறை மேசையில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பாடம் இதுதான்.

6 லட்சத்து 35 ஆயிரத்துக்குப் பட்டியலில் போட்டோம். பிறகு நடந்ததை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு வாரத்துக்குள் 6 லட்சத்து 90 ஆயிரம் என்று சொன்ன தளம் இறங்கி வந்தது, 6 லட்சத்து 20 ஆயிரம் என்று சொன்ன தளம் ஏறி வந்தது. இரண்டும் நாங்கள் கேட்ட விலைக்குப் பக்கத்தில் வந்து நின்றன. வீட்டில் எதுவும் மாறவில்லை. நாங்கள் சொன்ன விலையைத்தான் அவை எங்களிடமே திருப்பிச் சொல்லின.

இத்தகைய தளங்களில் ஒன்றை நடத்தும் ஸில்லோ நிறுவனம் தன் மதிப்பீட்டின் பிழை அளவைத் தானே வெளியிடுகிறது. விற்பனைக்குப் பட்டியலிட்ட வீடுகளுக்கு இடைநிலைப் பிழை சுமார் 2 சதவீதம், பட்டியலில் இல்லாத வீடுகளுக்குச் சுமார் 7 சதவீதம். முதல் எண்ணைப் பார்த்து, 98 சதவீதம் சரி என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் பட்டியலிட்ட வீட்டில் விற்பவர் கேட்கும் விலையே கணக்கில் சேர்ந்துவிடுகிறது, அனுபவமுள்ள ரியல்டர் ஒருவர் ஏற்கெனவே அந்த வேலையைச் செய்து முடித்திருக்கிறார். விற்கலாமா, கடன் வாங்கலாமா என்று யோசிப்பவரின் வீடு பட்டியலில் இல்லாத வீடு. அவருக்குப் பொருந்துவது 7 சதவீதம். அதுவும் இடைநிலை. அதாவது பாதி வீடுகளில் பிழை 7 சதவீதத்துக்குள் இருக்கிறது, மறுபாதி வீடுகளில் அதற்கு மேலே போகிறது. எவ்வளவு மேலே என்பதை அந்த எண் சொல்லாது. 6 லட்சம் டாலர் வீட்டுக்கு 7 சதவீதம் என்றால் 42 ஆயிரம் டாலர். நம் வீடு எந்தப் பாதியில் இருக்கிறது என்று விற்று முடிக்கும்வரை தெரியாது.

வீடு 6 லட்சத்து 22 ஆயிரத்துக்கு முடிந்தது, அதிலும் ஒரு பகுதியை வாங்குபவரின் கடன் செலவுக்கு விட்டுக்கொடுத்தோம். தொடக்கத்தில் குறைவாகச் சொன்ன தளம்தான் கிட்டே இருந்தது. ஆனால் சில மாதங்களுக்குப் பிறகு பக்கத்துத் தெருவில் விற்ற நண்பரின் வீட்டுக்கு அதே தளம் பெரிய அளவில் விலகியிருந்தது. எந்தத் தளம் நம்பகமானது என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் பெயர் சொல்லாததற்கு இதுவே காரணம்.

இது டெக்சாஸ் களிமண்ணோடு முடிகிற கதையும் அல்ல. ஸெஸ்டிமேட் என்ற இந்த மதிப்பீட்டை ஸில்லோ 2006-இல் தொடங்கியது. 2016-இல் அதன் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்த ஸ்பென்சர் ராஸ்காஃப், அந்த ஆண்டு சியாட்டிலில் இருந்த தம் வீட்டை 10 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு விற்றார். அவருடைய நிறுவனத்தின் தளமே அந்த வீட்டுக்குச் சுமார் 17 லட்சத்து 50 ஆயிரம் என்று காட்டிக்கொண்டிருந்தது. 2018-இல் அந்த நிறுவனம் வீடுகளைத் தானே வாங்கி விற்கும் தொழிலில் இறங்கியது. 2021 நவம்பரில் அதை மூடப்போவதாக அறிவித்தது. வீட்டு விலைகளை முன்கூட்டிக் கணிப்பதில் இருக்கும் நிச்சயமின்மை எதிர்பார்த்ததைவிட மிக அதிகம் என்று நிறுவனமே காரணம் சொன்னது. கையிருப்பு வீடுகளின் மதிப்பை 30 கோடி டாலருக்கு மேல் குறைத்து எழுதியது, ஊழியர்களில் கால்வாசிப் பேரை அனுப்பியது. தரவுக்கும் அறிவாளிகளுக்கும் பணத்துக்கும் குறைவில்லாத நிறுவனத்துக்கே அப்படி என்றால், ஒரு குடும்பம் அதே வகை எண்ணை வைத்துச் சேமிப்பைப் பணயம் வைப்பது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது.

சட்டத்தின் துணையும் கிடைக்காது. இல்லினாய் மாநிலத்தில் வீட்டு உரிமையாளர்கள் சிலர், இந்த மதிப்பீடு குறைவாக இருப்பதால் வீடு விற்க முடியவில்லை என்று வழக்குத் தொடுத்தார்கள். சிகாகோவில் உள்ள கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2019-இல் அதை ஏற்கவில்லை. மதிப்பீடு என்று சொல்லியே வெளியிடப்படும் எண் ஒரு கருத்து, உண்மை என்று உறுதி சொன்னதாகாது என்பது அதன் நிலை.

எங்கே ஓரளவு நம்பலாம் என்பதையும் சொல்ல வேண்டும். என் தம்பி நியூ ஜெர்ஸியில் இருக்கிறான். அங்கே பத்திரத்திலேயே உண்மையான விலை எழுதப்படுகிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அவன் வீடு வரிசை வீடுகள் அடங்கிய குடியிருப்பில் இருக்கிறது. ஒரே அச்சில் வார்த்த வீடுகள், ஆண்டு முழுவதும் ஏதாவது ஒன்று விற்றுக்கொண்டே இருக்கும். அவன் வாங்கியபோது திரையில் இருந்த எண்ணும் முடிந்த விலையும் மிக நெருக்கமாக இருந்தன. விலை வெளிப்படையாகப் பதிவாகும் மாநிலம், ஒரே மாதிரி வீடுகள், அடிக்கடி விற்பனை, சந்தை அமைதி ஆகிய நான்கும் சேர்ந்தால் எண்ணுக்கு மதிப்பு உண்டு. எங்கள் பக்கம் முதலாவதே இல்லை. ஒரு ஏக்கர் நிலத்தில் நிற்கும் தனி வீடு, பலமுறை மாற்றிக் கட்டிய பழைய வீடு என்றால் இன்னும் கடினம்.

டாலஸை ஒட்டிய இர்விங் நகரில் இருக்கும் ஒரு குடும்பம் எங்களுக்கு நெருக்கம். அந்த வீட்டுக் கணவரும் மனைவியும் 2022 தொடக்கத்தில் வடக்கே புதிதாகக் கட்டும் வீட்டுக்கு ஒப்பந்தம் போட்டார்கள். பழைய வீட்டைத் திரையில் காட்டும் விலைக்கு விற்று, வரும் பணத்தை முன்பணமாகக் கட்டுவது திட்டம். புது வீடு முடியப் பல மாதங்கள் ஆயின. அதற்குள் வட்டி ஏறியது, பழைய வீட்டைக் கேட்க ஆள் குறைந்தது. திரையிலோ எண் மெதுவாகத்தான் இறங்கியது. வசந்தத்தில் முடிந்த விலைகளின் நிழல் அதில் இன்னும் இருந்தது. கடைசியில் ஓய்வூதியச் சேமிப்பிலிருந்து கடன் எடுத்து ஈடுகட்டினார்கள். அந்தக் கணவர், "அக்கா, நாங்கள் எதுவும் ஊதாரித்தனம் செய்யவில்லையே" என்று சொன்னது என் மனதில் தங்கிவிட்டது. உண்மையிலேயே செய்யவில்லை. விலை என்று ஒரு தளம் தெளிவாக, துல்லியமாகத் தோன்றும்படி ஓர் எண்ணைக் காட்டும்போது அதை நம்புவது இயல்பு.

அதனால் இப்போது யார் கேட்டாலும் நான் சொல்வது, பெரிய எழுத்தில் இருக்கும் எண்ணுக்குக் கீழே அல்லது உள்ளே ஒளிந்திருக்கும் வீச்சைப் பாருங்கள் என்பதுதான். பல தளங்கள் குறைந்தபட்ச மதிப்பையும் அதிகபட்ச மதிப்பையும் தருகின்றன. திட்டம் போடுவதாக இருந்தால் குறைந்த எண்ணை எடுத்து, அதிலிருந்து விற்பனைச் செலவையும் விட்டுக்கொடுக்க வேண்டிய தொகையையும் கழித்துவிட்டு, மிச்சத்தில் உங்கள் திட்டம் நிற்கிறதா என்று பாருங்கள்.

பிறகு உங்கள் வீட்டைப் பற்றிய விவரங்களையே சரிபாருங்கள். சொத்து வரிக்காக வீடுகளுக்கு மதிப்புப் போடும் கவுண்டி அளவிலான அலுவலகத்துக்கு இங்கே மதிப்பீட்டு மாவட்டம் என்று பெயர். தளங்கள் பெரும்பாலும் அதன் ஆவணத்திலிருந்து சதுர அடியை எடுக்கின்றன. எங்கள் வீட்டு ஆவணத்தில் ஒரு குளியலறை விடுபட்டிருந்தது. உரிமையாளர் என்று உறுதிசெய்து தளத்தில் திருத்தலாம், திருத்தியதும் எண்ணும் மாறியது. ஆனால் கவுண்டி ஆவணம் மாறினால் வரியும் மாறக்கூடும் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

பணம் கைமாறும் முடிவு என்றால், சில நூறு டாலர் கொடுத்து உரிமம் பெற்ற அப்ரைசரை, அதாவது நேரில் வந்து வீட்டை மதிப்பிடுபவரை, வரவழையுங்கள். எங்கள் வீட்டுக்கு வாங்குபவரின் வங்கி அனுப்பிய அப்ரைசர் வெளிப்புறத்தை அளந்து, ஒவ்வோர் அறையிலும் நின்று, கூரையையும் விரிசல்களையும் குறித்துக்கொண்டு, தூண் வேலைக்கான கடிதத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். வீட்டை அடமானமாக வைத்துக் கூடுதல் கடன் எடுக்க நினைப்பவர்களுக்கும் இது பொருந்தும். டெக்சாஸில் அத்தகைய கடன், பழைய கடனையும் சேர்த்து, வீட்டு மதிப்பில் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அந்த மதிப்பு வங்கி ஏற்கும் மதிப்பு, நம் கைப்பேசி காட்டும் மதிப்பல்ல.

கடைசியாக, டெக்சாஸில் வீடு வைத்திருப்பவர்களுக்கு முடிந்த விலைகளைப் பார்க்கச் சட்டமே ஒரு வழி வைத்திருக்கிறது, பலர் அதைப் பயன்படுத்துவதில்லை. ஏப்ரல் வாக்கில் மதிப்பீட்டு மாவட்டத்திடமிருந்து, ஜனவரி 1 நிலவரப்படி உங்கள் வீட்டின் மதிப்பு இவ்வளவு என்று அறிவிப்பு வரும். மே 15 அல்லது அறிவிப்பு அனுப்பியதிலிருந்து 30 நாள், இவற்றில் எது பிந்தியதோ அதற்குள் ப்ரொடெஸ்ட், அதாவது அந்த மதிப்புக்கு ஆட்சேபம், பதிவு செய்யலாம். அதன் விசாரணைக்கு வீட்டு விலைத் தளத்தின் அச்சுப் பிரதியை எடுத்துப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். எதிரே இருந்த அதிகாரி அதை மரியாதையாக ஒதுக்கிவைத்துவிட்டு, வேறு ஆதாரம் உண்டா என்று கேட்டார். விரிசலின் புகைப்படம், பழுது பார்க்க நிறுவனம் கொடுத்த மதிப்பீட்டுத் தாள், அண்மையில் வாங்கியவர் என்றால் கிரயம் முடிந்தபோது கொடுத்த கணக்குத் தாள் ஆகியவற்றை அவர் எடுத்துப் படித்தார். ப்ரொடெஸ்ட் பதிவு செய்யும்போதே, மாவட்டம் உங்களுக்கு எதிராக வைக்கப்போகும் ஆதாரங்களையும் கேளுங்கள். கேட்டால் விசாரணைக்கு 14 நாட்களுக்கு முன் அவர்கள் தர வேண்டும். நான் கேட்டு வாங்கிய ஆதாரத் தாள்களில், ஒப்பிட எடுத்துக்கொண்ட வீடுகளின் முடிந்த விலைகளும், பரப்புக்கும் வயதுக்கும் நிலைமைக்கும் கூட்டிக் கழித்த கணக்கும் வரிவரியாக இருந்தன. அந்த விவரங்களை ப்ரொடெஸ்டுக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும், வெளியே பகிரக் கூடாது என்ற நிபந்தனையும் உண்டு. அதை மதித்துப் படியுங்கள். உங்கள் வீட்டோடு ஒப்பிடத் தகுந்தவை என்று ஒரு மனிதர் எடுத்துவைத்த வீடுகள் எவை, எதற்கு எவ்வளவு கழித்தார் என்று பார்த்து, உங்கள் அடித்தளத்துக்கும் கூரைக்கும் அவர் கழிக்காமல் விட்டதை எழுதி விசாரணைக்கு எடுத்துப் போங்கள்.